முதலில் வைஃபையைத் துண்டியுங்கள்

1958-இல் தொடங்கிய சென்னை கிண்டி தொழிற்பேட்டையில் இன்று ஒரு சிறு பட்டறையின் மதிப்பில் பெரும்பகுதி இயந்திரங்களில் இல்லை. டை வரைபடங்கள், சிஎன்சி புரோகிராம்கள், வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த அச்சு வடிவமைப்புகள், ஐந்தாறு வருட டேலி கணக்கு எல்லாம் அலுவலக மேசைக்குப் பின்னால் பச்சை விளக்கு மின்னும் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. கேபிள் இழுக்காமல் எல்லாக் கம்ப்யூட்டரும் தானாகவே பேக்கப் எடுத்துக்கொள்ளும் என்ற வசதிக்காக வாங்கிய பெட்டி அது. ஆப்பிள் 2008 ஜனவரியில் அறிமுகப்படுத்திய டைம் கேப்ஸ்யூல் இந்த வகையின் முன்னோடி. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை கிளவுட், மை பாஸ்போர்ட் வயர்லெஸ், சீகேட்டின் வயர்லெஸ் பிளஸ் போன்றவை பின்னால் வந்தன. அவற்றில் பலவற்றுக்கு இப்போது பத்து வயதுக்கு மேல் ஆகிறது. திடீரென்று ஃபோல்டர் திறக்காது, பேக்கப் பாதியில் நிற்கும், பெட்டி நெட்வொர்க்கில் ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலையைப் பற்றியது இந்த அத்தியாயம். மீட்பு மென்பொருளைத் தேடுவதும் கடைக்கு ஓடுவதும் பிறகு. முதலில் வைஃபையை விலக்கிவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கம்பி வழியாகப் பேச வையுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. பதற்றத்தில் பலர் அதைக் கேட்டுக்கொள்வதில்லை. மூல ஃபைல்கள் கம்ப்யூட்டரில் இன்னும் பத்திரமாக இருக்கின்றனவா? இருந்தால், கெட்டுக்கொண்டிருப்பது நகல் மட்டுமே. அன்றே புது டிஸ்க் ஒன்று வாங்கி இன்னொரு நகல் எடுத்துவிட்டால் அவசரம் தீர்ந்தது. பழைய பெட்டியில் இருக்கும் முந்தைய பதிப்புகள் தேவைப்பட்டால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நடைமுறையில் கதை வேறு மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று பழைய வருடங்களின் வேலையைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் அழித்திருப்பார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது பேக்கப் அல்ல, ஒரே பிரதி. சட்டப்படியும் இது சிறிய விஷயமல்ல. கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டம் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. கம்பெனிகளின் மின்னணுக் கணக்குகளுக்கு இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினசரி பேக்கப் வேண்டும் என்று 2022-இல் விதியையும் திருத்திவிட்டார்கள். ஒரே பிரதி மட்டும் இருக்கும் இடத்துக்குத்தான் இனி சொல்லப்போவது எல்லாம்.

வயர்லெஸ் பெட்டி என்பது வெறும் டிஸ்க் அல்ல. மின்சாரம் தரும் அடாப்டர், ஒரு சிறிய கம்ப்யூட்டர் போர்டு, பெட்டியிலோ ரவுட்டரிலோ உள்ள வைஃபை ரேடியோ, ஃபைல்களைப் பகிரும் மென்பொருள், கடைசியில் டிஸ்க். ஐந்தில் எது கெட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: ஃபைல் வரவில்லை. டிஸ்க் போய்விட்டது என்ற முடிவுக்கு எல்லோரும் தாவுவது இதனால்தான். அடாப்டரை எடுத்துக்கொள்வோம். மேசை மேல் வைக்கும் பெரிய ரகப் பெட்டிகளில் உள்ள மூன்றரை அங்குல டிஸ்க், சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய அடாப்டரின் கெபாசிட்டர் தளர்ந்திருந்தால் அந்த நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். டிஸ்க் சுழல முயன்று, நின்று, மறுபடி முயலும். கேட்பவருக்கு அது டிஸ்க்கே சாகும் ஓசை போல இருக்கும். அதே வோல்டேஜ், அதே ஆம்பியர் உள்ள நல்ல அடாப்டர் ஒன்றை மாட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. டைம் கேப்ஸ்யூலில் மின்பகுதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 2008-இன் முதல் பாதியில் விற்ற சில பெட்டிகள் அந்தப் பகுதி பழுதாகியே நின்றன. உள்ளே இருந்த டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரேடியோவும் அப்படித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று விழாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. தகரக் கூரை ஷெட்டுகளும், வெல்டிங் பட்டறைகளும், நான்கு மாடிக் கட்டடத்தில் மாடிக்கு மூன்று அலுவலகங்களும் நெருங்கியிருக்கும் ஒரு தெருவில் அந்த மூன்றுக்குள்தான் எல்லா ரவுட்டர்களும் அடித்துக்கொள்கின்றன. இணைப்பு அறுந்து அறுந்து வருவதற்கு டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. பகிர்வு மென்பொருளின் கதை இன்னும் நுட்பமானது. பழைய பெட்டிகள் பல எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில்தான் விண்டோஸுடன் பேசும். 2017 மே மாதம் வானாகிரை வைரஸ் அந்த முறையின் ஓட்டை வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. அந்த ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை முன்னிருப்பாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது. நேற்று வரை திறந்த ஃபோல்டர் புது லேப்டாப் வாங்கிய அன்று திறக்கவில்லை என்றால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெட்டியையும் ஒரே ஒரு கம்ப்யூட்டரையும் லான் கேபிளால் இணைத்து, இணையத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் அந்த முறையைத் தற்காலிகமாக இயக்கி ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அதை மறுபடி அணைத்துவிடுவது கட்டாயம்.

இணையத்தைத் துண்டிப்பது ஏன் என்பதற்கு வலுவான சாட்சி 2021 ஜூனில் கிடைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளை வைத்திருந்தவர்கள் உலகின் பல நாடுகளில் காலையில் எழுந்து பார்த்தபோது ஃபோல்டர்கள் காலியாக இருந்தன. 2015-க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பே பெறாத அந்தப் பெட்டிகளை இணையம் வழியாக யாரோ தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். டிஸ்க்குகள் நன்றாகத்தான் சுழன்றுகொண்டிருந்தன. 2023 ஏப்ரலில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. அந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கில் ஊடுருவல் நடந்ததால் மை கிளவுட் சேவை ஒரு வாரத்துக்கு மேல் நின்றுபோனது. ஃபைல்கள் அவரவர் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தும், உள்ளே நுழைய நிறுவனத்தின் சர்வரைத் தொட வேண்டியிருந்தவர்கள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றார்கள். ஒன்றில் டிஸ்க் நலமாக இருக்கும்போதே தரவு போனது, மற்றொன்றில் தரவு நலமாக இருக்கும்போதே வழி போனது. இரண்டிலும் பிரச்சினை நெட்வொர்க்கில் இருந்ததே தவிர டிஸ்க்கின் தகடுகளில் இல்லை. வைஃபையையும் இணையத்தையும் நீக்கிவிட்டால் நெட்வொர்க் சார்ந்த இந்தக் காரணங்கள் அனைத்தும் ஒரே அடியில் கழிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகும் கோளாறு இருந்தால் மட்டுமே டிஸ்க்கைக் குற்றவாளியாகச் சந்தேகிக்க வேண்டும்.

டிஸ்க்கே குற்றவாளி என்று வைத்துக்கொண்டாலும் வாதம் பலமடைகிறதே தவிரக் குறைவதில்லை. நலிந்த டிஸ்க்கிடம் மிச்சமிருப்பது சில மணி நேர உழைப்பாக மட்டுமே இருக்கலாம். பழைய பெட்டியின் வைஃபையில் நடைமுறையில் நொடிக்கு 8 மெகாபைட் கிடைத்தால் அதுவே நல்ல வேகம். அந்தக் கணக்கில் ஒரு டெராபைட்டைப் பிரதியெடுக்க 35 மணி நேரம் ஆகும். யூஎஸ்பி 3 வழியாக நொடிக்கு 100 மெகாபைட் வந்தால் அதே வேலை மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வைஃபையில் கூடுதலாகச் செலவாகும் 32 மணி நேரமும் தகடு சுழல்கிறது, ஹெட் அலைகிறது, பெட்டி சூடாகிறது. நடுவில் ஒரு முறை மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இந்த அவசரத்துக்கு எண் ஆதாரம் தருகிறது: முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க்குக்கு, பிழையே இல்லாத டிஸ்க்கைக் காட்டிலும் அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. முதல் எச்சரிக்கை வந்த பிறகு, வாராந்தர விடுமுறை வரட்டும், ஆடிட் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது ஆபத்தான சூதாட்டம்.

நேரத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நெட்வொர்க் வழியாகப் பார்க்கும்போது பெட்டியின் மென்பொருள் காட்டும் ஃபைல்கள் மட்டுமே நமக்குத் தெரியும். டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையான ஸ்மார்ட் எண்கள் பெரும்பாலும் தெரியாது. செக்டர் செக்டராக முழுப் பிரதி எடுக்கவும் முடியாது. படிக்க முடியாத ஒரு செக்டரில் பெட்டி திணறினால் பிரதியெடுப்பு மொத்தமும் உறைந்துபோகும், அல்லது பெட்டியே ரீஸ்டார்ட் ஆகும். கம்பி வழியாக நேரடியாக இணைத்தால் கட்டுப்பாடு நம் கைக்கு வருகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் 5, 197, 198 என்ற மூன்று எண்களைப் பாருங்கள். மாற்றிவைத்த செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், சரிசெய்யவே முடியாத செக்டர்கள் ஆகியவற்றின் கணக்கு அவை. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். டிஸ்க்கைப் பழிக்க வேண்டாம். ஆனால் எண்கள் சுத்தமாக இருக்கின்றன என்று நிம்மதியடையவும் வேண்டாம். அதே கூகுள் ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை மிக முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

கம்பிக்குக் கொண்டுவரும் வழி பெட்டிக்குப் பெட்டி மாறும். கையடக்க வயர்லெஸ் டிரைவ்களில் பெரும்பாலும் யூஎஸ்பி வழி இருக்கிறது. கேபிளைச் செருகியதும் சாதாரண வெளி டிஸ்க்காக மாறிவிடும். மை கிளவுட் போன்ற மேசைப் பெட்டிகளில் லான் துளை உண்டு. முதலில் அதைப் பயன்படுத்துங்கள். போதவில்லை என்றால்தான் திறப்பது. டைம் கேப்ஸ்யூலுக்குள் இருப்பது சாதாரண சாட்டா டிஸ்க். தட்டையான பழைய மாடலில் அடிப்புற ரப்பரை உரித்தால் திருகுகள் தெரியும். 2013-இல் வந்த உயரமான மாடலைக் கழற்றுவது கடினம், பழகியவரிடம் கொடுப்பது நல்லது. வெளியே எடுத்த டிஸ்க்கை சாட்டா-யூஎஸ்பி டாக்கில் வைத்து மேக்கில் இணைத்தால் தரவுப் பகுதி தெரியும். டாக் இல்லாதவர்கள் கிண்டி மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் மின்சாரம் தரும் டாக்காகப் பார்த்து வாங்குங்கள். டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோவதாக இருந்தால் ஆன்டிஸ்டேட்டிக் கவரில் போட்டுத் துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இரு சக்கர வண்டியின் சீட்டுக்கடியில் வேண்டாம்.

திறப்பதில் இரண்டு கண்ணிகள் உண்டு. சில நிறுவனங்களின் டிஸ்க்குகளில், நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும், யூஎஸ்பி போர்டிலேயே ஒரு சிப் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி எழுதுகிறது. அந்த போர்டு இல்லாமல் டிஸ்க்கைத் தனியே படித்தால் வெறும் குப்பைதான் தெரியும். எனவே கழற்றிய போர்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாவது, மை புக் லைவ் போன்ற பெட்டிகளின் உள் அமைப்பு. அவை லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில், 64 கிலோபைட் பிளாக் அளவில் எழுதுகின்றன. சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் நெடுங்காலமாக 4 கிலோபைட்டுக்கு மேற்பட்ட பிளாக்கை நேரடியாக ஏற்கவில்லை. டிஸ்க்கைச் செருகியதும் "தவறான ஃபைல் அமைப்பு" என்று செய்தி வரும். அதைக் கண்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள். எக்ஸ்ட் பகுதிகளை மென்பொருள் வழியாகப் படிக்கும் டிபக்எஃப்எஸ் போன்ற கருவிகள் அதைத் திறந்துவிடும். விண்டோஸ் ஒரு படி மேலே போய், செருகிய உடனேயே "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. மேக்கிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. பேக்கப்பைச் சரிபார்த்ததில் குறை தெரிந்ததால் நம்பகத்தன்மைக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று மேக்கின் பேக்கப் மென்பொருளான டைம் மெஷின் கேட்பதுண்டு. ஒப்புக்கொண்டால் பழைய பேக்கப் அழிந்துவிடும்.

கம்பி கிடைத்துவிட்டது என்றதும் ஃபோல்டர்களை இழுத்துப் போடத் தோன்றும். ஸ்மார்ட் எண்கள் ஏறியிருந்தால் அதைச் செய்யக் கூடாது. உதிரத் தொடங்கிய பழைய பத்திரத்தைத் தேவைப்படும்போதெல்லாம் புரட்டாமல், ஒரே ஒரு முறை கவனமாக நகலெடுத்துவிட்டு நகலை வைத்து வாசிப்பதுதான் ஆவணக் காப்பகங்களின் முறை; டிஸ்க்குக்கும் அதே முறை பொருந்தும். முழு டிஸ்க்கின் இமேஜை, அதாவது செக்டர் செக்டரான பிரதியை, அதைவிடப் பெரிய நல்ல டிஸ்க் ஒன்றில் எடுங்கள். குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது. எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதல் சுற்றில் வேகமாக அள்ளிக்கொண்டு, திணறும் இடங்களைத் தாண்டிப் போகிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று தனி மேப் ஃபைலில் குறித்துவைக்கிறது. அந்த ஃபைல் இருந்தால் மின்சாரம் போனாலும், டிஸ்க்கைச் சற்று ஆறவிட்டு மறுநாள் தொடர்ந்தாலும், விட்ட இடத்திலிருந்தே வேலை நடக்கும். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் உங்கள் தரவின் மேல் எழுதப்பட்டுவிடும். யுபிஎஸ் வைத்து, மேசை விசிறியை டிஸ்க்கின் பக்கம் திருப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இமேஜ் கிடைத்த பிறகு பழுதுபார்ப்பதெல்லாம் அதன் இன்னொரு நகலில்தான். அழிந்த பார்ட்டிஷன் அமைப்பை டெஸ்ட்டிஸ்க் மீட்கும், பெயரிழந்த படங்களையும் ஆவணங்களையும் ஃபோட்டோரெக் தோண்டியெடுக்கும். டைம் மெஷின் நெட்வொர்க் பேக்கப்பை ஸ்பார்ஸ்பண்டில் என்ற ஒரே பொட்டலமாக, ஆனால் உள்ளே பெரும்பாலும் 8 மெகாபைட் துண்டுகளாக வைத்திருக்கிறது. ஒரு துண்டு போனால் பொட்டலம் திறக்க மறுக்கலாம், மற்ற துண்டுகளில் இருப்பது போய்விடாது. அதைச் சரிசெய்யும் முயற்சியும் நகலில்தான் நடக்க வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, இப்போது வைஃபையிலேயே திறக்கிறதே, முக்கியமானதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்கலாம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. சத்தம் எதுவும் இல்லை, தேவை இரண்டு மூன்று கிகாபைட் டேலி தரவும் வரைபடங்களும்தான் என்றால், அவற்றை உடனே எடுத்துவிட்டுப் பிறகு பெட்டியை அணைத்துக் கம்பிக்கு மாற்றுவது சரியான முடிவே. ஆபத்து அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அது வந்துவிட்டது, இதையும் எடுப்போம் என்று நாலு லட்சம் புகைப்படங்களை இரவு முழுக்க வைஃபையில் ஓடவிடுவதுதான் பல டிஸ்க்குகளை முடித்துவைக்கிறது. பெட்டியைத் திறந்தால் வாரன்டி போய்விடுமே என்பது இன்னொரு தயக்கம். வாரன்டி பொதுவாகப் பெட்டியைத்தான் மாற்றித் தரும், உள்ளே இருந்ததைத் தராது. சீகேட்டின் சில டிஸ்க்குகளோடு மீட்புச் சேவையும் சேர்த்து விற்கிறார்கள். வாரன்டி காலம் முடியவில்லை என்றால் திருகைத் தொடும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். காலம் முடிந்த பெட்டிக்கு இந்தத் தயக்கமே வேண்டியதில்லை. முதலில் விண்டோஸின் சிகேடிஸ்க் போட்டுப் பிழையைச் சரிசெய்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அது டிஸ்க்கின் மேலேயே எழுதும் கருவி. ஃபைல் அட்டவணையைச் சீராக்குவதற்காகச் சிதறிய ஃபைல்களைத் துண்டித்து வேறு பெயரில் போடும். நலமான டிஸ்க்குக்கு உதவுகிற அந்த மருந்து, மீட்க வேண்டிய டிஸ்க்குக்கு ஊறு செய்யும்.

சில நிலைகளில் கம்பியும் கூடாது. டிஸ்க் சீராக டிக், டிக் என்று தட்டுகிறது, அல்லது கரகரவென்று உரசுகிறது என்றால் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். ஹெட் தகட்டில் உரசும் ஒவ்வொரு சுற்றும் மீட்கக்கூடியதைத் தூளாக்குகிறது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஒருமுறை ஓடும் என்ற பழைய யோசனை சென்னையில் குறிப்பாகக் கெடுதி. குளிர்ந்த டிஸ்க்கை இந்த ஈரக் காற்றில் வெளியே எடுத்தால் உள்ளேயே நீர் படியும். வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குக்கும் இதே கண்டிப்பு. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டு அடையாறு கரை புரண்டபோது ஈக்காட்டுத்தாங்கலும் கிண்டி தொழிற்பேட்டையும் தண்ணீரில் நின்றன. அப்படி நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்துச் செருகிப் பார்க்கவே கை துடிக்கும். காய்ந்தால் சேறும் உப்பும் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், செருகினால் ஹெட் அதன்மேல் ஓடும். ஈரத்தோடு காற்றுப் புகாத கவரில் அடைத்து, சுத்த அறை வசதி உள்ள மீட்பு நிலையத்துக்கு விரைவாகக் கொண்டுபோவதுதான் முறை. அங்கே கேட்க வேண்டியதும் நம் வாதத்தை ஒட்டியதே: முதலில் இமேஜ் எடுப்பீர்களா, வேலை அந்த இமேஜில் நடக்குமா, டிஸ்க்கைத் திறப்பது எந்த மாதிரி அறையில், எதுவும் கிடைக்காவிட்டால் கட்டணம் எவ்வளவு, என் வாடிக்கையாளர் தரவின் பிரதி உங்களிடம் எத்தனை நாள் இருக்கும். "போர்டை மாத்தினா சரியாயிடும் சார்" என்பது முதல் பதிலாக வந்தால் யோசியுங்கள். இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சிப்பில் பதிந்திருக்கும். அதையும் மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் டிஸ்க் பெரும்பாலும் படிக்காது.

மீட்ட ஃபைல்கள் பட்டியலில் தெரிவது போதாது. அளவும் பெயரும் சரியாக இருந்தும் உள்ளே பூஜ்யங்கள் நிரம்பிய ஃபைல்கள் வரும், ஏனென்றால் படிக்க முடியாத செக்டர்களை இமேஜ் காலியாக விட்டுவிடுகிறது. டேலியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து ஒவ்வொரு வருடத்தின் இருப்புநிலைக் குறிப்பும் வருகிறதா பாருங்கள். வரைபடங்களில் பெரியதும் சிறியதுமாகச் சிலவற்றைத் திறந்து கடைசிப் பக்கம் வரை போங்கள். புகைப்படங்களைச் சிறு படமாகப் பார்த்து நிறுத்தாமல் முழு அளவில் பாருங்கள். மீட்டதை இரண்டு டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றைத் தரைத்தளத்தில் இல்லாத, முடிந்தால் வேறு பேட்டையில் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். இவை அனைத்தும் முடியும் வரை பழைய டிஸ்க்கையும், அதன் போர்டையும், மேப் ஃபைலையும் தேதி எழுதி ஒட்டி, மின்சாரம் கொடுக்காமல் எடுத்துவையுங்கள். காணாமல்போன ஒரு ஃபைல் ஆடிட் நேரத்தில்தான் நினைவுக்கு வரும். அதுவரை அந்த டிஸ்க்கை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், ஃபார்மட் செய்து மறுபடி பயன்படுத்தவும் வேண்டாம்.